அண்டா கேட்டார், முட்டை வந்தது

இதை எனக்கு முதலில் சொன்னது தங்கம் அக்காதான். 2009 பங்குனி உத்திரத்தன்று, முருகன் கோயிலில் பிரசாதத்துக்கு நின்றுகொண்டிருந்தபோது.

அக்காவின் வீட்டுக்காரர் பரமசிவத்தை அந்தமானில் எங்கள் ஜங்லிகாட்டில் ‘நாடக வாத்தியார்’ என்றால்தான் தெரியும். எழுதுவது, நடத்துவது, மேடை பிடிப்பது, சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவரே. ஒரு ‘ழ’ தப்பினால் போதும், ஆளை விட மாட்டார்.

அந்தப் பொங்கலுக்கு நாடகப் போட்டி. ஜெயிக்கிற குழு கப்பலேறிப் போய்ச் சென்னையில் நாடகம் போடலாம். அது அவருடைய வெகுநாள் கனவு.

அக்கா முதல் வரிசையில் சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி. மெயின்லேண்டுக்குப் பிழைக்கப் போகும் சமையல்காரராகப் பரமசிவம். அவர் மனைவியாக, ஹட் பேயிலிருந்து வந்த ஒச்சம்மா. அவளுக்கு அதுதான் முதல் மேடை.

“கப்பலுக்கு நேரமாச்சு. வரட்டுமா?”

ஒச்சம்மா வாய் திறப்பதற்குள் பரமசிவம் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “பிஸ்வாஸ் தாதா, அண்டா லாவ்!”

சாமான் எடுத்துக் கொடுக்கும் பிஸ்வாஸ் வங்காளி. இந்தியில் லாவ் என்றால் கொண்டு வா, அண்டா என்றால் முட்டையல்லவா? சமையல் அண்டா உள்ளே கிடக்க, ஒற்றை முட்டையைத் தாம்பாளத்தில் வைத்துப் பவ்யமாகக் கொண்டுவந்து நீட்டினார்.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. ஒச்சம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“ஏன் தங்கம், வாத்தியாருக்கு வீட்டுல சோறு போடலையா?” பின்வரிசைச் சொர்ணம்மா சும்மா இருப்பாளா!

சிரிப்பு அடங்கியதும் ஒச்சம்மா கணீரென்று சொன்னாள். “போயிட்டு வாங்க.”

திரை விழுந்தது.

கோப்பை வேறு குழுவுக்குப் போயிற்று. “உருக்கமான இடத்தை இயக்குநரே கெடுத்துவிட்டார்” என்றார் நடுவர்.

“நாங்கல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். சார்தான் கவுத்துட்டீங்க!” என்று ஒச்சம்மாவே கேலி செய்தாள். பரமசிவம் தலையைச் சொறிந்தார்.

வீடு திரும்பும் ஆட்டோவில் அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஊர்ப் பிள்ளைங்களை ஒரு எழுத்துக்கு நூறு தடவை சொல்ல வெப்பீங்க. தமிழ் நாடகத்துல உங்களுக்கு இந்தி எதுக்கு?”

“வாய் தவறிடுச்சு, விடு.”

“போட்டியே போச்சு, விடுவாங்களாம்! அந்த பிஸ்வாஸாவது...” பாதியில் நிறுத்தினார் அக்கா. “ஏங்க, நம்ம நாடகத்துல முட்டையே கிடையாதே. அந்த நேரத்துக்கு அவர் கைக்கு எப்படி வந்துச்சு?”

பரமசிவம் வெளியே பார்த்தார்.

“காலையில அவிச்சதுல ஒண்ணு குறைஞ்சுது. நான் பூனைன்னு நெனச்சேன்!”

“மெதுவாப் பேசு, தங்கம்.”

“சொல்லுங்க.”

“சுனாமி அலை வந்த அன்னிக்கு, வேலைக்குக் கெளம்பின புருஷனை ஒச்சம்மா ‘போயிட்டு வாங்க’ன்னுதான் அனுப்பினா. ரிகர்சல்ல அந்த இடம் வந்தா அவளுக்கு நாக்கு எழும்பாது. வசனத்தை மாத்திடறேன்னேன். ‘வேணாம் சார், சொல்லிடுவேன்’னு ஒத்தக் கால்ல நின்னா.”

“அதுக்கு?”

“இன்னிக்கும் கண்ணு கலங்கி அப்படியே நின்னா. கோட்டை விட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் மேடை ஏற மாட்டா. நான் உளறினா என்ன, ஊர் ரெண்டு நாள் சிரிக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு பிஸ்வாஸ்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்.”



அதற்குப் பிறகு ஒச்சம்மா ஏறாத மேடை இல்லை. போன வருஷம் தானே ஒரு நாடகம் எழுதிப் போட்டுவிட்டாள். வாத்தியாரைக் கண்டால் இன்றைக்கும் “என்ன முட்டை சார்!” என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் நாடகத்துக்குப் போனீர்களானால் நன்றாகக் கை தட்டுங்கள். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.