குக்கரை வலம் வந்தவர்

வரைபடம் சுருண்டுகொண்டே இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு தேங்காயை வைத்து அடக்கினாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க ஆல்ப்ஸ்.

முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் அவள் வரைந்த மலை. அழித்த சுண்ணாம்புத் தூளைச் சேர்த்து வைத்திருந்தால் வடவள்ளியிலேயே பனி பெய்திருக்கும்.

நேரில் பார்த்ததில்லை.

செப்டம்பரில் பார்க்கப்போகிறாள். கணவர் குழந்தைவேலு குளிருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நாள். ஒரே ஒரு விடியல்.

அன்று மேகம் மூடினால், போயிற்று.

நடுவில் ஏரி. ஏரியைச் சுற்றிப் பதினொரு கிலோமீட்டர் பாதை. பாதைக்கு வெளியே, வட்டமாக, ஏழு சிகரங்கள்.

கிழக்குக் கரையில் ஒரு பாறை. அங்கே நின்றால், சூரியன் வந்ததும் எதிர்ச்சிகரம் சிவக்கும். ஏரியும் சிவக்கும். எட்டே நிமிடம்.

அந்தப் படத்துக்காகத்தான் காமிரா, முக்காலி எல்லாம். அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மருதமலைப் படிகளை அவள் ஏறிய வேகத்தில் படிகளுக்கு மூச்சு வாங்கியது.

வண்டி தெற்குக் கரை வரை போகும். ஏரியை இடமாகச் சுற்றினால் பாறைக்கு நாற்பது நிமிடம். வலமாகச் சுற்றினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இடமாக அம்புக்குறி போட்டாள்.

காபியோடு வந்த குழந்தைவேலு அம்பைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“மலைக்குப் போயி எவனாச்சும் இடமா சுத்துவானா? நான் வரலே அம்மிணி. நீ போயிட்டு வா.”

மாற மாட்டார். ஒருமுறை கோயில் கூட்டம் அவரை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டது. வீடு வந்து சேர்ந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய் வலம் வந்தார்.

அவரில்லாத மலை அவளுக்கு வேண்டாம். அதை அவரிடம் சொல்வாளா? சிகரமே சரிந்தாலும் சொல்ல மாட்டாள்.

சமையலறைக்குப் போனாள்.

குக்கர் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. இட்லிப் பானை ஜன்னலில். தோசைக்கல் டிவி மீது சாய்ந்தது. அண்டா, குண்டா, வாளி, வடிதட்டு. மேசையைச் சுற்றி, சுவரோரமாக, மொத்தம் ஏழு.

“மேசைதானுங்க ஏரி. இடமா ஒரு சுத்து நடங்க.”

“உனக்கென்ன கிறுக்கா?”

“நடங்கன்னா.”

நடந்தார். மேசை இடக்கைப் பக்கம்.

குக்கர் வலக்கைப் பக்கம் வந்தது.

இட்லிப் பானை வந்தது. வலக்கை.

தோசைக்கல். வலக்கை.

வடிதட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார்.

“மலையெல்லாம் வெளியேதானுங்களே நிக்குது! நீங்க சொல்ற மாதிரி சுத்தினா ஏழும் இடக்கைக்குப் போயிருமுங்க.”

அவர் ஏழு பாத்திரங்களையும் ஒருமுறை பார்த்தார். வீட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

அவள் அம்புக்குறியை மைப்பேனாவால் அழுத்திப் போட்டாள்.

நிமிர்ந்தபோது அவர் மறுபடி நடந்துகொண்டிருந்தார். குக்கருக்கு நேரே வந்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

“போதுமுங்க. ஒரு சுத்துதானே.”

“ஒத்தச் சுத்தா? அத்தனை தூரம் போயிட்டு? மூணு சுத்தணும் அம்மிணி. தினம் ஒண்ணு.”

பேனாவை மூடப்போனவள் அப்படியே நிறுத்தினாள்.

பிறகு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

“ஆகட்டும். உங்களுக்காக.”

குனிந்து, வரைபடத்தின் ஓரத்தில் விடியல் என்று எழுதியிருந்த கட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டம் போட்டாள்.