நூற்று முப்பது முயல்கள்

“பிரிண்டர்ல கார்டை அடுக்கிட்டியா?” சப்போரோ கிளை அலுவலகத்திலிருந்து போனில் கேட்டார் குவபரா.

“அடுக்கியாச்சுங்க,” என்றாள் மனைவி சனாயே, கோபே வீட்டிலிருந்து.

“தள்ளி நில்லு. கம்ப்யூட்டர் மேல கையை வெச்சுடாதே.”

“நான் எங்கே வெச்சேன்? ‘தொடாதே’ன்னு நீங்க ஒட்டி வெச்சிருக்கிற சீட்டுக்குப் பயந்து தூசிகூடத் தட்டறதில்லை.”

டிசம்பர் முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். குவபரா லேப்டாப்பில் நாலு தட்டு தட்டினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை இங்கே விரிந்தது. புத்தாண்டு வாழ்த்துக் கார்டைத் திறந்தார். நூற்று முப்பது என்று போட்டு அழுத்தினார். போனில் பிரிண்டர் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

“பார்த்தியா! இங்கே பனி கொட்டுது, அங்கே கார்டு கொட்டுது,” என்று பக்கத்து மேஜை ஹயசாகாவிடம் பீற்றிக்கொண்டார். வாய் நிறைய சோற்றோடு ஹயசாகா தலையாட்டினான்.

“ஏங்க, இந்தக் கார்டுல இருக்கிற படம்...” என்று இழுத்தாள் சனாயே.

“உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கொண்டுபோய்த் தபால்ல போடு, போதும்.” போனை வைத்துவிட்டார்.

குவபராவுக்கு வாய்தான் சத்துரு. மூன்று வருடத்துக்கு முன் தலைமை அலுவலகக் கூட்டத்தில், “பட்டியலைப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?” என்று தன் மேலதிகாரி ஒகிட்சுவையே எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். பட்டியலைத் தப்பாகத் தயாரித்தது தான்தான் என்று சாயங்காலமே தெரிந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. அடுத்த மாதமே சப்போரோவுக்கு மாற்றல். குடும்பத்தை விட்டு, ஒற்றை அறையில், தானே துவைத்துத் தானே சமைத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. வருகிற ஏப்ரலில் கோபேக்குத் திரும்ப அழைப்பதும் அழைக்காததும் ஒகிட்சு கையில்.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி, பல் டாக்டருக்குக் கார்டு விட்டுப்போனது ஞாபகம் வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கார்டைத் திறந்தார்.

திரையில் கொழுகொழுவென்று ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

ஜப்பானில் வருடத்துக்கு ஒரு மிருகம்; வாழ்த்துக் கார்டில் பிறக்கப்போகிற வருடத்தின் மிருகத்தைத்தான் போட வேண்டும். முயல் முடிந்துபோகிற வருடம். வரப்போவது டிராகன் வருடம். போன வருடக் கார்டைத் திறந்து நூற்று முப்பது முயல்களை அச்சடித்திருக்கிறார்! புத்தாண்டு காலையில் அதில் ஒன்று ஒகிட்சு வீட்டிலும் போய் உட்காரும்.

உடனே போன் போட்டார். “கண்ணைப் பிடரியிலயா வெச்சிருந்தே? முயல் படம் போட்டிருக்கே, பார்க்கலையா?”

“அதைத்தாங்க அன்னிக்கே சொல்ல வந்தேன்...”

“வந்தே இல்ல, ஏன் சொல்லலே?”

ஹயசாகா தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“நீங்க கவலைப்படாதீங்க, நான் என்ன பண்ணினேன்னா...”

“நீ பண்ணினது போதும்! இனிமே கார்டுன்னு ஒரு வார்த்தை எடுத்தே, போனை வெச்சுடுவேன்.”

பாவம், அவளும் எடுக்கவில்லை. வருடக் கடைசியில் பனி கொட்டி விமானம் ரத்தாகிவிட்டது. கப் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டு, போகாத ஊரான கோபேயை நினைத்துக்கொண்டு, தனியாகப் புத்தாண்டைக் கழித்தார் குவபரா. ஏப்ரலாவது, மண்ணாங்கட்டியாவது!

நாலாம் தேதி அலுவலகம் திறந்ததுமே போன் வந்தது. ஒகிட்சு.

குவபரா எழுந்து நின்று போனுக்கே இடுப்பை வளைத்து வணங்கினார். “சார், அந்தக் கார்டு விஷயமா...”

“அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். அது என்னய்யா, டிராகனா? விலாங்கு மீனுக்கு மீசை ஒட்டின மாதிரி இருக்கு!”

“டி... டிராகனா சார்?”

“வரையறதுக்கு ரொம்பச் சிரமப்பட்டிருக்கே, தெரியுது. இத்தனை வருஷமா அச்சடிச்ச கார்டுதானே அனுப்புவே? இந்தத் தடவைதான் கையால எழுதி வந்திருக்கு. அதை விடு. கீழே எழுதியிருக்கே பாரு, ‘நான் சத்தம் போட்ட நேரமெல்லாம் தப்பு என்னுடையதாகத்தான் இருந்தது, மன்னியுங்கள்’னு... மூணு வருஷமா இந்த ஒரு வரிக்குத்தான்யா காத்துக்கிட்டு இருந்தேன். ஏப்ரல்ல வந்து சேரு.”

குவபராவுக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அப்புறம் வீட்டுக்குப் போன் செய்தார்.

“சனாயே... அத்தனையும் கையாலயா எழுதினே?”

“வேற என்ன பண்றது? முயலை எப்படிங்க அனுப்பறது? கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுன்னுட்டீங்க. புதுக் கார்டு வாங்கி, உங்க பழைய முகவரி நோட்டைப் பார்த்துப் பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். டிராகன்தான் வளைய மாட்டேன்னுடுச்சு.”

பத்து நாள் கை வலிக்க எழுதியவளைத்தான் கண் பிடரியிலா என்று கேட்டிருக்கிறார். இப்படியும் ஒரு முட்டாள் உண்டா என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஹயசாகா பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

“என்னை மன்னிச்சுடு,” என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. அப்போதுதான் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. “ஆமா, அந்தக் கடைசி வரி... ஒகிட்சு சாருக்கு மட்டும்தானே எழுதினே?”

“அதெப்படிங்க? அந்த நூத்தி முப்பது பேர்ல, நீங்க சத்தம் போடாத ஆளு ஒருத்தராவது இருக்காங்களா?”