வெங்காயம் கட்டிய பேண்ட்

எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்து வெங்காயம் கேட்பதெல்லாம் சாக்கு. புருஷன் போன பிறகு தையற்காரி தனியாகச் சமாளிக்கிறாளா, இல்லை தன்னோடு கூட்டிப்போய்விடுவதா என்று பார்த்துச் சொல்ல தையற்காரியின் அண்ணன்தான் அக்காவை அனுப்பியிருக்கிறார். அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்! சன்னல் வெளிச்சம் எட்டாத சமையலறை மூலையில் செத்தவருடைய சட்டையும் பேண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. கைகளுக்குள் உருளைக்கிழங்கு, கால்களுக்குள் வெங்காயம், நுனிகளில் பழைய நாடா முடிச்சு. முளைவிட்ட கிழங்கு சட்டைக்கையின் ஓரத்தில் வெளிறிய விரல்களாக நீண்டிருக்கிறது. காற்று இல்லை, இடதுகால் மட்டும் மெல்ல ஆடுகிறது. “துணி சும்மாத்தானே கிடக்கு? காத்தோட்டமா தொங்கினா அழுகாதுக்கா” என்கிறாள் தையற்காரி. “கெட்டிக்காரிடி நீ” என்று அக்கா இடதுகால் முடிச்சில் கை வைக்கிறாள். “அது வேணாங்க்கா. அவருக்கு வலிக்கிற கால்.” அண்ணனிடம் ஒப்பிக்க வாய்நிறையச் சேதி கிடைத்துவிட்டது, ஆனாலும் அக்கா வலதுகால் முடிச்சைத்தான், தூங்குகிற ஆளை எழுப்பிவிடாத மாதிரி, மெல்ல அவிழ்க்கிறாள்.