இரண்டு பேர் வண்டி

அக்காவை வெயிலில் காருக்குள் உட்கார வைத்துவிட்டு, அத்தான் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயணக் களைப்போடு வந்து நின்றவன், பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"அத்தான், வெளியே வாங்க."

முதலில் இரண்டு கால்கள், அப்புறம் கிரீஸ் பூசிய பனியன், கடைசியில் தலை.

"அட, மச்சான்! எப்படா வந்தே?"

"அது இருக்கட்டும். அக்காவுக்கு ஞாபகம் தப்புதுன்னு டாக்டர் சொன்னாராம். நீங்க என்னடான்னா இந்த வெள்ளைக்காரன் வண்டியைக் கட்டிக்கிட்டு அழுறீங்க."

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுடா."

"தினம் மத்தியானம் இதே கூத்துதான்னு பக்கத்து வீட்ல போன்ல சொன்னாங்க. நீங்க கீழே படுத்துக்கிறீங்க, அவ வெயில்ல காயுறா. கேக்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா?"

அத்தான் கையைத் துடைக்கத் துணி தேடினார்.

பச்சை நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு, மடக்கி வைத்த கூரை, இரண்டே சீட். கல்யாணத்துக்கு முன்பே அத்தான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன் சக்கரங்களைப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருந்தார். அடியில் எண்ணெய் சொட்டுவதற்கென்றே ஒரு தட்டு.

"எண்ணெய் வேற ஒழுகுது."

"ஒழுகுற வரைக்கும் நல்லதுடா. ஒழுகலேன்னா உள்ளே எண்ணெயே இல்லேன்னு அர்த்தம்."

"நல்லா கேளுடா தம்பி," என்றாள் அக்கா. தலையில் துணி கட்டி, மடியில் கைப்பையோடு புறப்படத் தயாராக இருந்தாள். "இது ஓடினது பாதி, தள்ளினது பாதி. ஓட்டினது அவரு, தள்ளினது நானு."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டுக்குப் பின்னால், பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு சின்னத் தலையணை கிடந்தது.

"இதையாவது முதுகுக்கு வச்சுக்கோக்கா."

"அதைத் தொடாதே!" வெடுக்கென்று சொன்னாள். "அங்கேயே இருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணும்" என்றாள்.

"நான் கொண்டு வரேன். மச்சான், நீ வண்டியில கை வைக்காதே. உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்று சொல்லிவிட்டு அத்தான் உள்ளே போனார்.

சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? தம்பி பானெட்டைத் தூக்கினான்.

தூக்கியவன் திகைத்தான். பிளக் எல்லாம் பளபளவென்று இருந்தன. கார்புரேட்டர் இரண்டையும் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். பழைய ஒயர் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமான வண்டி ஏன் ஓடாது?

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினான். உள்ளே ரோட்டர் இல்லை.

கட்டைவிரல் அளவுத் துண்டுதான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. ஊரே கூடித் தள்ளினாலும் என்ஜின் இருமக்கூடச் செய்யாது. வண்டியைத் திருடன் ஓட்டிப் போகாமலிருக்க, இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதுண்டு.

'கழற்றினதையே மறந்துட்டாரு. அக்காவுக்கு மட்டுமா ஞாபகம் தப்புது?'

அலமாரியில் உதிரிபாக டப்பா இருந்தது. அதில் ஒரு ரோட்டர் கிடைத்தது. மாட்டினான். சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினான்.

ஒரே பிடியில் என்ஜின் உறுமியது. அக்கா குழந்தை மாதிரி கை தட்டினாள்.

அத்தான் ஓடி வந்தார். டம்ளர் தண்ணீர் பாதி அவர் நெஞ்சில் கொட்டியிருந்தது.

"யாருடா உன்னைத் தொடச் சொன்னது?"

"எதுக்குக் கத்துறீங்க? ரோட்டரைக் கழற்றி வச்சுட்டு, அடியில போய்த் தேடுறீங்க. இப்ப எப்படி ஓடுது பாருங்க!"

"ஓடக் கூடாதுடா."

அதற்குள் அக்கா, "ஏறுங்க, ஏறுங்க. ஸ்கூல் விட்டிருக்கும். பாப்பா கேட்ல தனியா நிக்கும்," என்றாள். திரும்பி, அந்தச் சின்னத் தலையணையைத் தட்டிச் சரி செய்தாள்.

தம்பியின் கை பானெட்டிலேயே நின்றுவிட்டது. பாப்பாவைக் கடைசியாக இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

என்ஜின் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது. அத்தான் அவன் காதருகில் வந்தார்.

"ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன்டா. வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளை முகத்தையும் பார்த்தா. கேட்டைச் சாத்தினதும், பாப்பா எங்கேன்னு என் சட்டையைப் பிடிச்சுட்டா. சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் போன மாதிரி அழுதாடா. மறுநாள் எல்லாத்தையும் மறந்துட்டு, பையை எடுத்துக்கிட்டு வந்து திரும்பவும் ஏறி உட்கார்ந்துட்டா."

தம்பி அந்தத் தலையணையைத் திரும்பிப் பார்த்தான்.

"வண்டி ஓடலேன்னா என்னைத் திட்டிக்கிட்டே காத்திருப்பா. பொழுது சாஞ்சா மறந்துடுவா. திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா?"

"அங்கே என்ன ரகசியம்? பிள்ளை காத்துக்கிட்டு நிக்குது!" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

தம்பி சாவியைத் திருப்பினான். என்ஜின் அடங்கியது. குனிந்து மூடியைக் கழற்றி, ரோட்டரை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மறுபடி சாவியைத் திருப்பிப் பட்டனை அழுத்தினான். வெறும் கரகரப்புதான்.

"மக்கர் பண்ணுதுக்கா," என்றான், முகத்தைக் காட்டாமல்.

அத்தான் பழையபடி காருக்கு அடியில் போய்ப் படுத்தார். பக்கத்தில் தம்பியும் படுத்துக்கொண்டான்.

மேலே அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜாடிக்கேத்த மூடி! பாப்பா வரட்டும், ரெண்டு பேரையும் பத்திச் சொல்றேன்."