கீழே படுத்திருந்த சட்டம்

நடனக்கூடத்தின் மரத்தளத்துக்கு அடியில், சிமெண்டுத் தரையில் வைத்த ரப்பர் துண்டுகளின் மேல் ஒரு மரச்சட்டம் படுத்திருந்தது. மேலே மாதங்கி குதித்து ஆடும்போதெல்லாம் அது வளைந்து கொடுத்து, அவளை மீண்டும் எழுப்பிவிடும். ஆனால் அவள் பாதத்தை அது ஒருநாளும் தொட்டதில்லை.

"அந்தப் பாதம் எப்படி இருக்கும் அக்கா?" என்று மேற்பலகையைக் கேட்கும்.

"வெதுவெதுப்பா இருக்கும். உனக்கெதுக்குடி? நீ வளைஞ்சு கொடு, போதும்."

மழைக்காலம் வந்தது. சட்டம் ஈரத்தையெல்லாம் ஆசை ஆசையாய்க் குடித்து உப்பியது. ரப்பரை நசுக்கி, மேலே பலகையோடும் கீழே சிமெண்டோடும் நெருங்கி, வளைய இடமில்லாமல் இறுகிப்போனது.

"அடியே, மூச்சு முட்டுது. தள்ளிப் படு!"

"இன்னும் கொஞ்சம்தான் அக்கா. இதோ, சூடு தெரியுது!"

அந்த இடத்தில் மாதங்கி குதித்தாள். "அம்மா!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த இடம் கல்லாட்டம் இருக்கு" என்றவள், அன்றிலிருந்து கூடத்தின் மறுகோடியில் ஆடினாள்.

வெயில் வந்தது. சட்டம் ஈரமெல்லாம் வற்றி இளைத்து, பழையபடி வளையக் காத்திருந்தது. மறுகோடியில் சலங்கை ஒலித்தது.

"நான் சரியாயிட்டேன்னு அவகிட்டச் சொல்லேன் அக்கா."

"அவ மிதிச்சாத்தானேடி என் குரல் அவளுக்குக் கேட்கும்?" என்றது பலகை.