எலுமிச்சம்பழம் வைத்த பக்கம்

தபாலில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற தணிகாசலம் வாங்கிவந்த பழைய ஆட்டோமேட்டிக் கார் மூன்றாம் நாளே நகர மறுத்ததும், மெக்கானிக்குகள் எல்லாரும் திருடர்கள் என்று அறிவித்துவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து கியர்பாக்ஸைத் தானே பிரித்துக் கூடத்தில் பரப்பியது தெருவுக்கே தெரியும். கிளட்ச் தட்டுகளை ஊறவைத்தது இட்லிக் குண்டானில் என்பது அவர் மனைவி சரோஜினிக்கு மட்டும் தெரியும். எல்லாவற்றையும் மறுபடி பூட்டியாயிற்று; இன்று வண்டி தானாக நகராவிட்டால் காயலான் கடைக்குத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். கடைக்காரரும் கயிற்றோடு கேட்டருகே வந்து நின்றுகொண்டார்.

தணிகாசலம் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்னால் போக கியரை ‘டி’-யில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். என்ஜின் ஊரைக் கூட்டியது. பழங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு ரிவர்ஸ் போட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஒரு சாண் பின்னால் போனது. உடனே இறங்கி, பழங்களைப் பொறுக்கி, சக்கரங்களுக்குப் பின்னால் மாற்றி வைத்தார்.

“நகரணும்னுதானே சொன்னே, சரோ? எந்தப் பக்கம்னு சொல்லலியே.”

வண்டிக்குப் பின்னால் இருந்தது சமையலறைச் சுவர்.

“அப்ப நான் கெளம்பட்டுங்களாம்மா?” என்றார் கடைக்காரர்.

“இருங்கண்ணே,” என்றாள் சரோஜினி. “செவுத்துக்கு இன்னும் ரெண்டடி இருக்கு.”