நல்லதுக்குச் சொன்னவள்

மருத்துவ உதவியாளர் சான்றிதழ் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா என்று, கிளினிக்கில் அதே வேலை பார்க்கும் பெண்ணிடமே கேட்டார் வேன் டிரைவர்.

"வேணாம்ண்ணே. கட்டின ஃபீஸை எடுக்கவே வருஷக்கணக்காகும். சம்பளம் வாய்க்கும் வயித்துக்குமே பத்தாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லவேளை, நீ என் கண்ணைத் திறந்துட்டம்மா!"

வீட்டில் மகள் அழுதாள். "அனுபவப்பட்டவ சொல்றா, கேளு" என்று அதட்டி, அவளைத் துணிக்கடை வேலைக்கு அனுப்பினார்.

சில மாதம் கழித்து அவர் கிளினிக்குக்குப் போனபோது, புதுச் சீருடையில் ஒரு பெண் பிரஷர் பார்த்தாள்.

"வேலைக்குப் புதுசாம்மா?"

"பயிற்சிக்கு வந்திருக்கேன் சார். இங்க வேலை பார்க்கிறது என் அக்காதான். கோர்ஸ்ல ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி இருந்துச்சாம். யாரோ ஒரு டிரைவர் தன் பொண்ணைச் சேர்க்க இருந்தாராம். அக்கா எப்படியோ அவர்கிட்ட பேசி, அதை எனக்கு வாங்கிக் கொடுத்துட்டா. எனக்குன்னா அவ உசுரையே கொடுப்பா சார்."